எஸ்கியூலைட்டில் ஸ்டோர்டு ப்ரொசீஜர் இல்லை: விதிகளை எங்கே வைப்பது?

ஆரக்கிளிலோ மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலோ சில ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர், கடைக்கான பில்லிங் மென்பொருளையோ கைப்பேசிச் செயலியையோ எழுதுவதற்காக, செயலிக்குள்ளேயே இயங்கும் உட்பொதி தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்கு வரும்போது முதலில் தேடுவது ஸ்டோர்டு ப்ரொசீஜரைத்தான். அது அங்கே கிடையாது. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து எஸ்கியூலைட் பெரிதாக வளர்ந்திருக்கிறது. 2014-இல் வித் பிரிவும், 2018-இல் அப்சர்ட்டும் (பதிவு ஏற்கெனவே இருந்தால் திருத்துவது, இல்லையேல் சேர்ப்பது) விண்டோ ஃபங்ஷன்களும், 2020-இல் ஜெனரேட்டட் புலங்களும், 2021-இல் ரிட்டர்னிங் பிரிவும் வந்து சேர்ந்தன. ஆனால் மாறிகளும் சுழற்சிகளும் கொண்ட ஒரு சிறு நிரலைத் தரவுத்தளத்துக்குள்ளேயே பெயரிட்டுச் சேமித்து, வேண்டும்போது அழைக்கும் வசதி மட்டும் சேர்க்கப்படவில்லை.

அந்த இடத்தை நிரப்பப் பல வழிகள் உள்ளன. செயலியின் நிரலிலேயே விதிகளை எழுதலாம், ட்ரிகர்களில் (அட்டவணையில் பதிவு சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் வாக்கியங்களில்) வைக்கலாம், சொந்த ஃபங்ஷன்களைப் பதிவு செய்யலாம், எஸ்கியூஎல்லிலிருந்து நிரலை உருவாக்கித் தரும் கருவிகளைப் பயன்படுத்தலாம், ப்ரொசீஜர் உள்ள வேறொரு உட்பொதி தரவுத்தளத்துக்கே மாறிவிடலாம். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவுத்தளக் கோப்பை ஒரே செயலி மட்டும் திறக்குமானால் ப்ரொசீஜர் தேவையே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் அதே கோப்பில் எழுதும் நிலை வரும்போதுதான் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுகிறது, அப்போதும் பெரும்பாலான விதிகளுக்கு அட்டவணையின் கட்டுப்பாடுகளே போதுமானவை.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பில் போடும்போது நான்கு செயல்கள் சேர்ந்து நடக்க வேண்டும்: பில்லுக்கான தலைப்புப் பதிவு உருவாக வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி சேர வேண்டும், கையிருப்பு குறைய வேண்டும், கடனுக்கு விற்றால் வாடிக்கையாளரின் நிலுவை கூட வேண்டும். நான்கும் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக் கூடாது. சர்வர் தரவுத்தளத்தில் பழகியவர் இதை ஒரு ப்ரொசீஜராக எழுதுவார். அது சரியான பழக்கமும்கூட.

ப்ரொசீஜர் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது

ஸ்டோர்டு ப்ரொசீஜர், சர்வரும் அதை அழைக்கும் செயலியும் வெவ்வேறு கணினிகளில் இருந்த உலகத்தில் பிறந்தது. சைபேஸ் 1987-இல் தன் எஸ்கியூஎல் சர்வரில் அதைக் கொண்டுவந்தது. ஆரக்கிள் 1992-இல் ஏழாம் பதிப்பில் தந்தது. 1996-இல் எஸ்கியூஎல் தரத்தின் ஒரு பகுதியாகவே அது ஏற்கப்பட்டது. மைஎஸ்கியூஎல்லுக்கு 2005-இல்தான், ஐந்தாம் பதிப்பில், வந்து சேர்ந்தது. அதன் பயன்கள் நான்கு. நெட்வொர்க்கில் பலமுறை போய்வருவதை ஒரே பயணமாக்கியது. எஸ்கியூஎல்லை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பகுத்தாய வேண்டிய வேலையைக் குறைத்தது. அட்டவணைகளை நேரடியாகத் தொடும் உரிமையைத் தராமல், ப்ரொசீஜரை அழைக்கும் உரிமையை மட்டும் பயனருக்குத் தர வழி செய்தது. பல செயலிகள் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தும்போது விதியை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள உதவியது.

இவற்றில் முதலாவது, தரவுத்தளம் செயலிக்குள்ளேயே ஓடும்போது அப்படியே மறைந்துவிடுகிறது. எஸ்கியூலைட்டில் ஒரு வினவல் என்பது அதே ப்ராசஸுக்குள் நடக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. இடையில் நெட்வொர்க் இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரு பக்கத்தை உருவாக்க இருநூறு சிறு வினவல்களை அனுப்புவது சர்வர் தரவுத்தளத்தில் மோசமான வடிவமைப்பு. எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களோ தங்களுடைய ஃபாசில் என்ற மென்பொருளில் அதைத் தயக்கமின்றிச் செய்கிறார்கள், அது விரைவாகவும் இயங்குகிறது. சுழற்சிக்குள் வினவல் வைக்கக் கூடாது என்று நாம் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை.

இரண்டாவதற்கு ப்ரிப்பேர் செய்யும் முறை இருக்கிறது. எஸ்கியூலைட் ஒவ்வொரு வினவலையும் தன் உள்ளிருக்கும் மெய்நிகர் எந்திரத்துக்கான பைட்கோடாகக் கம்பைல் செய்கிறது. அதை ஒருமுறை ப்ரிப்பேர் செய்து வைத்துக்கொண்டு, மதிப்புகளை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் இயக்கலாம். மூன்றாவது பயனான உரிமைக் கட்டுப்பாட்டுக்கு இங்கே அடிப்படையே இல்லை. பயனருக்கு உரிமை வழங்கும் கிராண்ட் என்ற கட்டளையே எஸ்கியூலைட்டில் கிடையாது. கோப்பைத் திறக்க முடிந்தவர் அதிலுள்ள எதையும் மாற்றலாம். ஆத்தரைசர் என்ற பெயரில் ஒரு தடுப்பு ஏற்பாடு உண்டு என்றாலும், அது செயலி தன்மீது தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடுதான். வேறொரு நிரல் கோப்பைத் திறந்தால் அதற்குப் பொருந்தாது.

மிஞ்சுவது நான்காவது பயன் மட்டுமே. விதி தரவோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும், யார் திறந்தாலும் அது நடைமுறையில் இருக்க வேண்டும் என்ற தேவை உட்பொதி தரவுத்தளத்திலும் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாற்று வழியையும் அந்த ஒரு தேவையைக் கொண்டே அளந்து பார்க்கிறேன்.

செயலியின் நிரலில் வைப்பது

பில் போடும் நான்கு செயல்களையும் ஒரு ஃபங்ஷனாக எழுதி, தொடக்கத்தில் ட்ரான்சாக்‌ஷனைத் திறந்து, முடிவில் கமிட் செய்து உறுதியாக்கி, இடையில் பிழை வந்தால் ரோல்பேக் மூலம் எல்லாவற்றையும் கைவிடுவதுதான் முதல் வழி. சர்வர் உலகிலிருந்து வருபவருக்கு இது தற்காலிக ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் தரவுத்தள எந்திரமும் இந்த ஃபங்ஷனும் ஒரே ப்ராசஸுக்குள், ஒரே நினைவகத்தில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், ப்ரொசீஜர் எங்கே ஓடுமோ அங்கேயேதான் இதுவும் ஓடுகிறது. மொழி மட்டும்தான் வேறு. அந்த மொழியோ பிழைதிருத்தியும் யூனிட் டெஸ்ட்டும் வகைச் சரிபார்ப்பும் உள்ள முழுமையான மொழி.

இவ்வழிக்கு உள்ள நிபந்தனை ஒழுங்கு. பில் அட்டவணையைத் தொடும் எஸ்கியூஎல் வாக்கியங்கள் யாவும் ஒரே மாட்யூலில் இருக்க வேண்டும். திரைக்குரிய நிரலிலிருந்து நேரடியாக இருப்பைக் குறைக்கும் ஒரு வாக்கியம் நுழைந்துவிட்டால், விதி இரண்டு இடங்களில் வாழத் தொடங்கிவிடும்.

ட்ரான்சாக்‌ஷனைத் திறக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும்; 2010-இல் வந்த வால் (WAL) முறை, அதாவது மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை, எழுதுபவரும் படிப்பவர்களும் ஒருவரையொருவர் தடுக்காதபடி செய்ததே தவிர, எழுதுபவர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. வெறும் பிகின் என்று தொடங்கினால் முதலில் படிப்பதற்கான ட்ரான்சாக்‌ஷனே கிடைக்கும். கையிருப்பைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எழுத முயலும்போது, இடையில் இன்னொரு இணைப்பு எழுதியிருந்தால் வால் முறையில் பிழைதான் திரும்பும். எவ்வளவு நேரம் காத்திருக்கும்படி அமைத்திருந்தாலும் அது தீராது, ட்ரான்சாக்‌ஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதப் போகிறோம் என்று தெரிந்தால் பிகின் இமீடியட் என்றே தொடங்குவது நல்லது. ப்ரொசீஜர் இருந்திருந்தாலும் இந்தக் கவனம் தேவைப்பட்டிருக்கும்.

இவ்வழியை நான் முதன்மையாக வைப்பதற்கு, பெரும்பாலும் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. சர்வர் தரவுத்தளத்தில் ப்ரொசீஜரின் பிரதி ஒன்றே ஒன்று. அதை ஓரிரவில் மாற்றினால் மறுநாள் எல்லோருக்கும் புதிய விதி. உட்பொதி தரவுத்தளத்திலோ ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு கடைக் கணினியிலும் தனித்தனிக் கோப்பு இருக்கிறது. விதியைக் கோப்புக்குள் வைத்தால் அத்தனை கோப்புகளிலும் அதன் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. செயலியை மேம்படுத்தும்போது கோப்பிலுள்ள பிரதியையும் மைக்ரேஷன் (பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றும் நிரல்) மூலம் மாற்ற வேண்டும். அதற்கான பதிப்பெண்ணை யூசர் வெர்ஷன் என்ற பிராக்மாவில் (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளையில்) குறித்து வர வேண்டும். ஒரு கடைக்காரர் ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பை மீட்டெடுத்தால், அப்போதைய தரவோடு அப்போதைய விதியும் திரும்பி வருகிறது. மைக்ரேஷன் சரியாக எழுதப்பட்டிருந்தால் அது சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் வரி விகிதம் கணக்கிடும் விதி போன்ற அடிக்கடி மாறும் ஒன்றை இப்படிக் கோப்புதோறும் பரப்பி வைப்பது வீண் சுமை. செயலியின் நிரலில் இருக்கும் விதிக்கு இந்தத் தொல்லை இல்லை. செயலி புதிதானால் விதியும் புதிதாகிவிடும்.

கட்டுப்பாடுகளும் ட்ரிகர்களும்

தரவோடு சேர்ந்தே இருக்க வேண்டிய விதிகள் சில உண்டு. கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது. இல்லாத பொருளுக்குப் பில் வரி இருக்கக் கூடாது. ஒரே பில் எண் இருமுறை வரக் கூடாது. இவற்றுக்கு ப்ரொசீஜரும் வேண்டாம், ட்ரிகரும் வேண்டாம். முறையே செக், ஃபாரின் கீ, யுனீக் என்ற கட்டுப்பாடுகள் போதும். ரத்தாகாத பில்களுக்குள் மட்டும் எண் தனித்தன்மையோடு இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைக்கூடப் பகுதி இண்டெக்ஸில் யுனீக் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஃபாரின் கீ மட்டும் எஸ்கியூலைட்டில் இயல்பாகச் செயல்படாது என்பதையும், ஒவ்வொரு இணைப்பிலும் அதைப் பிராக்மா மூலம் இயக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேறொரு நிரல் அந்தப் பிராக்மாவை இடாமல் திறந்தால் அந்தக் கட்டுப்பாடு அந்த இணைப்புக்கு இல்லை. செக்கும் யுனீக்கும் அப்படியல்ல, பிராக்மா எதுவும் இடாமலேயே காவல் காக்கும். செக்குக்குள் துணைவினவல் எழுத முடியாது என்பது அதன் எல்லை.

அந்த எல்லையைத் தாண்டிய விதிகளுக்கு ட்ரிகர் வருகிறது. பில் வரி சேர்ந்தவுடன் கையிருப்பைக் குறைப்பது, மூடப்பட்ட மாதத்தின் பில்லைத் திருத்த முயன்றால் ரெய்ஸ் கொண்டு தடுப்பது, மாற்றங்களைத் தணிக்கை அட்டவணையில் எழுதி வைப்பது ஆகியவை ட்ரிகருக்கு உரிய வேலைகள். எழுதும் நிரல் எந்த மொழியில் இருந்தாலும் ட்ரிகர் ஓடும். கட்டுப்பாடுகளைத் தவிர்த்தால், நான் மேலே சொன்ன நான்காவது பயனை எஸ்கியூலைட்டில் உண்மையாகத் தருவது இது ஒன்றுதான்.

ஆனால் எஸ்கியூலைட்டின் ட்ரிகர், ஆரக்கிளின் ட்ரிகர் அல்ல. அதில் மாறி இல்லை, சுழற்சி இல்லை, வென் நிபந்தனையையும் கேஸ் கோவையையும் தவிரக் கிளைப்பாதை இல்லை. உள்ளிருக்கும் வாக்கியங்களில் வித் பிரிவையும் பயன்படுத்த முடியாது. பதிவுதோறும் ஓடும் ட்ரிகர் மட்டுமே உண்டு, வாக்கியத்துக்கு ஒருமுறை ஓடும் வகை கிடையாது. ஒரே நிகழ்வுக்கு இரண்டு ட்ரிகர்கள் இருந்தால் எது முதலில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது வேறொன்று. இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ் என்று எழுதும்போது எஸ்கியூலைட் மோதும் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கிறது. அப்படி நீக்கப்படும் பதிவுக்கான டெலீட் ட்ரிகர், மறுசுழல் ட்ரிகர்களை இயக்கும் பிராக்மா இடப்பட்டிருந்தால் மட்டுமே ஓடும், இயல்பு நிலையில் அது இடப்படுவதில்லை. நீக்கப்படும் பில் வரிகளுக்கு இருப்பைத் திருப்பிக் கூட்டும் ட்ரிகரை நம்பியிருக்கும் செயலியில் யாரோ ஒருவர் ரீப்ளேஸ் என்று எழுதிவிட்டால், இருப்புக் கணக்கு எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தவறிப்போகும். அப்சர்ட் வந்த பிறகு ரீப்ளேஸுக்கு அநேகமாகத் தேவையே இல்லை என்பதால், ட்ரிகர் உள்ள அட்டவணைகளில் அதை முற்றிலும் விலக்கிவிடுவதே சரி.

ட்ரிகரைக் கொண்டே ப்ரொசீஜர் போன்ற ஒன்றை அமைக்கும் உத்தியும் இருக்கிறது, எஸ்கியூலைட்டை நன்கு அறிந்தவர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தரவு எதையும் தராத ஒரு வியூவை (அட்டவணை போலத் தோன்றும், பெயரிட்டுச் சேமித்த வினவலை) உருவாக்கி, ப்ரொசீஜருக்கு வேண்டிய அளவுருக்களை அதன் புலங்களாக வைத்து, அதன்மீது இன்ஸ்டெட் ஆஃப் இன்சர்ட் ட்ரிகர் ஒன்றை எழுத வேண்டும். பிறகு அந்த வியூவில் ஒரு பதிவைச் சேர்ப்பதாக எழுதினால், எதுவும் சேராமல் ட்ரிகரின் உடலிலுள்ள வாக்கியங்கள் வரிசையாக ஓடும். அழைப்பது ஒரே வாக்கியம் என்பதால் உள்ளே நடப்பவை அனைத்தும் சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே கைவிடப்படும். பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்ற, அளவு தெரிந்த, கிளைகள் குறைந்த செயலுக்கு இது அழகான தீர்வு.

பில்லுக்கு இது பொருந்துமா என்று பார்த்தால், இரண்டு தடைகள் வருகின்றன. பில்லில் எத்தனை பொருள்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. வியூவின் புலங்களோ எண்ணிக்கை மாறாதவை. பொருள்களை ஜேசன் சரமாக ஒரே புலத்தில் அனுப்பி, ட்ரிகருக்குள் ஜேசன் ஈச் கொண்டு விரித்துக்கொள்ளலாம். அது நடக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவருக்குச் சிரமம். அடுத்த தடை, உருவான பில் எண்ணைத் திரும்பப் பெறுவது. ட்ரிகருக்குள் சேர்க்கப்பட்ட பதிவின் அடையாள எண், ட்ரிகர் முடிந்தவுடன் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடுகிறது. வியூவின்மீது இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிகர் செய்த மாற்றங்கள், மாற்றப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையிலும் கணக்கில் வருவதில்லை. ஆகவே எண்ணைச் செயலியே முன்கூட்டி உருவாக்கித் தர வேண்டும், அல்லது தனி அட்டவணை ஒன்றில் எழுதிப் பிறகு படிக்க வேண்டும். விடை எதையும் எதிர்பார்க்காத செயல்களுக்கே இந்த உத்தியைப் பரிந்துரைப்பேன்.

ட்ரிகரைக் கோப்பில் நிலையாக வைக்காமல், இணைப்பு திறக்கும்போதெல்லாம் தற்காலிக ட்ரிகராக உருவாக்குவதும் உண்டு. பழைய பேக்கப்போடு பழைய விதி திரும்பும் சிக்கல் இதனால் தீர்கிறது. ஆனால் வேறு நிரல்களுக்கு அந்த ட்ரிகர் தெரியாது என்பதால், ட்ரிகரைத் தேர்ந்தெடுத்த முதன்மைக் காரணமே போய்விடுகிறது.

சொந்த ஃபங்ஷன்கள்

எஸ்கியூலைட்டில் சி, பைத்தான் முதலிய மொழிகளில் எழுதிய ஒரு ஃபங்ஷனைப் பெயரிட்டுப் பதிவு செய்தால், எஸ்கியூஎல் வாக்கியத்திலேயே அதை அழைக்கலாம். ஜிஎஸ்டி எண்ணின் வடிவத்தைச் சரிபார்ப்பது, தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்துவதற்கான விசையை உருவாக்குவது, ரூபாயை எழுத்தால் எழுதுவது போன்ற கணிப்புகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மதிப்பை வாங்கி மதிப்பைத் தரும் வேலை அது. தரவுத்தளத்தை மாற்றும் வேலை அன்று.

அந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அதே இணைப்பில் எஸ்கியூஎல்லை இயக்கி, பில் போடும் செயல் முழுவதையும் ஒரு செலக்ட் வாக்கியத்தால் அழைக்கவும் தொழில்நுட்ப அளவில் முடியும். அதை நான் ஏற்கவில்லை. ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படும் என்பதை வினவலைத் திட்டமிடும் எந்திரம் தீர்மானிக்கிறது. ஒரு செலக்ட் படித்துக்கொண்டிருக்கும் அட்டவணையையே அதே இணைப்பு இடையில் மாற்றினால், மாற்றிய பதிவு விடையில் வருமா என்பதற்கு எஸ்கியூலைட் உறுதி தருவதில்லை. பக்கவிளைவுள்ள செயலை நேரடியாக நிரலிலிருந்தே அழைக்க முடியும்போது, அதை எஸ்கியூஎல் வழியாகச் சுற்றி அழைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

ஃபங்ஷனை ட்ரிகரிலோ இண்டெக்ஸிலோ பயன்படுத்தும்போது ஒன்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஃபங்ஷன் இணைப்பில் பதிவாகிறது, கோப்பில் பதிவாவதில்லை. பழுதுபார்க்க வந்தவர் எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியில் அதே கோப்பைத் திறந்து ஒரு பில் வரியைச் சேர்த்தால், அப்படியொரு ஃபங்ஷன் இல்லை என்ற பிழை வந்து நிற்கும். வெளியாள் வடிவமைத்த கோப்பைத் திறக்கும் செயலிகளுக்கு எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: கோப்பிலுள்ள ட்ரிகர் உங்கள் ஃபங்ஷனை உங்களுக்குத் தெரியாமல் அழைக்கலாம். பக்கவிளைவுள்ள ஃபங்ஷன்களுக்கு நேரடி அழைப்புக்கு மட்டும் என்ற குறியை இடுவதும், 2020-இல் வந்த டிரஸ்டட் ஸ்கீமா பிராக்மாவை அணைத்து வைப்பதும் அதற்கான காப்பு.

எஸ்கியூஎல் வாக்கியங்களைப் பனுவலாக ஓர் அட்டவணையில் சேமித்து, செயலி அவற்றைப் படித்து இயக்கும் முறையைச் சிலர் ப்ரொசீஜருக்கு மாற்றாகக் கையாள்கிறார்கள். மாறியும் கிளையும் இல்லாத, சரிபார்ப்பும் இல்லாத, கோப்பைத் திறக்க முடிந்த எவரும் மாற்றக்கூடிய நிரல் அது. அறிக்கைகளுக்கான படிக்கும் வினவல்களைத் தவிர வேறெதற்கும் அது தகாது.

எஸ்கியூஎல்லிலிருந்து நிரலை உருவாக்குவது

ப்ரொசீஜரை விரும்புபவர்கள் உண்மையில் விரும்புவது, எஸ்கியூஎல்லை எஸ்கியூஎல்லாகவே எழுதி, அட்டவணையின் அமைப்போடு அது பொருந்துகிறதா என்று முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை என்று நினைக்கிறேன். அந்த வசதியை எந்திரத்துக்குள் தேட வேண்டியதில்லை. கம்பைல் செய்யும் நேரத்திலேயே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டின் ரூம், அனோட்டேஷனில் எழுதிய வினவலைக் கம்பைல் நேரத்தில் சரிபார்க்கிறது. எஸ்கியூஎல்டிலைட், தனிக் கோப்பில் எழுதிய எஸ்கியூஎல் வாக்கியங்களிலிருந்து வகை பொருந்திய காட்லின் ஃபங்ஷன்களை உருவாக்கித் தருகிறது.

இத்திசையில் மிகத் தொலைவு சென்றது ஃபேஸ்புக் 2020-இல் திறந்த மூலமாக வெளியிட்ட சிஜி எஸ்கியூஎல். ஸ்டோர்டு ப்ரொசீஜர் போலவே மாறி, சுழற்சி, கிளை, கர்சர் ஆகியவற்றோடு எழுதலாம்; அது எஸ்கியூலைட்டை அழைக்கும் சி நிரலாகக் கம்பைல் ஆகிறது. அட்டவணை அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும்போது மேம்படுத்தும் நிரலையும் அதுவே எழுதித் தருகிறது. மெசஞ்சர் செயலிக்காக உருவான இக்கருவி, ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒரே விதியை ஒரே மொழியில் எழுத வேண்டிய தேவையைச் செம்மையாகத் தீர்க்கிறது. ப்ரொசீஜர் கோப்பில் தங்காமல் செயலியில் தங்குவதால், பழைய பேக்கப்போடு பழைய விதி வரும் சிக்கலும் இல்லை. சி நிரலைத் தம் கட்டமைப்பில் சேர்த்துப் பராமரிக்கக்கூடிய குழுவுக்கே இது உகந்தது. இருவர் மூவர் கொண்ட குழு, காட்லின் மல்டிபிளாட்ஃபார்மில் எஸ்கியூஎல்டிலைட்டை வைத்தே அதே பயனில் பெரும்பகுதியை அடையலாம்.

ஆண்ட்ராய்டில் எந்த வழியை எடுத்தாலும் சாதனத்திலுள்ள எஸ்கியூலைட்டின் பதிப்பு ஒரு கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு 11-இல் இருப்பது 3.28, அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு 10-இல் அப்சர்ட்கூட இல்லை, ரிட்டர்னிங் பிரிவு ஆண்ட்ராய்டு 14-இல்தான் கிடைக்கிறது. புதிய வசதிகளை நம்பி எழுதுவதானால் எஸ்கியூலைட்டைச் செயலியோடு சேர்த்தே அனுப்புவது பாதுகாப்பானது.

எந்திரத்தையே மாற்றுவது

ப்ரொசீஜர் கட்டாயம் வேண்டும் என்றால் உட்பொதி தரவுத்தளங்களில் முழுமையான விடை ஃபயர்பேர்டு. இண்டர்பேஸின் ஆறாம் பதிப்பு 2000-இல் திறந்த மூலமானபோது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த இது, சர்வராகவும் லைப்ரரியாகவும் ஒரே எந்திரத்தோடு இயங்குகிறது. சர்வரில் எழுதிய ப்ரொசீஜரை உட்பொதி வடிவத்திலும் மாற்றமின்றி இயக்கலாம். மாறிகள், செலக்டின் விடையில் பதிவுதோறும் சுழலும் ஃபார், பெயரிட்ட எக்செப்ஷன்கள், அட்டவணை போலச் செலக்டில் அழைக்கக்கூடிய ப்ரொசீஜர்கள், 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பேக்கேஜுகள் என அதன் மொழி வளமானது. ட்ரிகர்களுக்கு வரிசை எண் தர முடியும் என்பது எஸ்கியூலைட்டிலிருந்து வருபவருக்குப் பெரிய ஆறுதல். ஒரு பெயரில் சேமிக்காமலேயே ப்ரொசீஜர் நிரலை அனுப்பி இயக்கும் எக்ஸிக்யூட் பிளாக் வசதியும் உண்டு. விதியைச் செயலியில் வைத்துக்கொண்டே ப்ரொசீஜர் மொழியின் பலனை அது தருகிறது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. எஸ்கியூலைட் ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் ஒரே லைப்ரரியாக அடங்கிவிடும். ஃபயர்பேர்டை அதன் துணைக் கோப்புகளோடு சேர்த்துப் பல மெகாபைட்டுகளாகத்தான் அனுப்ப வேண்டும். உட்பொதி வடிவத்தில் கடவுச்சொல் சரிபார்க்கப்படுவதில்லை என்பதால், ப்ரொசீஜரை அழைக்கும் உரிமையை மட்டும் தருவது என்ற பழைய பயன் இங்கும் நம்பத்தக்கதல்ல. மூன்றாம் பதிப்பின் இயல்பு அமைப்பில் ஒரு ப்ராசஸ் கோப்பைத் திறந்தால் மற்றதற்கு அது மறுக்கப்படும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் உட்பொதி வடிவில் திறக்க வேண்டுமானால் சர்வர் மோடை கிளாசிக்குக்கோ சூப்பர் கிளாசிக்குக்கோ மாற்ற வேண்டும். பல நிரல்கள் ஒரே கோப்பை எழுதுவதற்காகத்தானே ப்ரொசீஜரைத் தேடினோம், ஆகவே இதைத் தொடக்கத்திலேயே சோதித்துவிட வேண்டும்.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு ஹெச்எஸ்கியூஎல்டிபி, டெர்பி, ஹெச்2 என மூன்று உண்டு. ஹெச்எஸ்கியூஎல்டிபி தன் இரண்டாம் பதிப்பிலிருந்து தரத்திலுள்ள ப்ரொசீஜர் மொழியையே ஏற்கிறது. டெர்பியிலும் ஹெச்2-விலும் ப்ரொசீஜர் என்பது ஒரு ஜாவா மெத்தடுக்கு எஸ்கியூஎல்லில் இடப்பட்ட பெயர். அந்த கிளாஸ் செயலியின் கிளாஸ்பாத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், விதி தரவோடு பயணிக்கவில்லை. டெர்பி மட்டும் ஜார் கோப்பைத் தரவுத்தளத்துக்குள்ளேயே நிறுவ வழி தருகிறது. ஹெச்2-வில் ஜாவா மூலநிரலையே கிரியேட் ஏலியஸ் கட்டளைக்குள் எழுதலாம். எஸ்கியூஎல்லை இயக்க முடிந்தவர் கணினியில் எந்த நிரலையும் இயக்க முடியும் என்பது அதன் பொருள். ஹெச்2-வின் கன்சோலை வெளியுலகுக்குத் திறந்துவைப்பது ஏன் பெருந்தவறு என்பதும் இதனால் விளங்கும். டக்டிபியில் மேக்ரோ உண்டு, ப்ரொசீஜரும் ட்ரிகரும் இல்லை. பகுப்பாய்வுக்கான அந்த எந்திரத்தைப் பில் போடும் வேலையோடு ஒப்பிடுவதே பொருந்தாது.

எப்போது எது

விண்டோஸில் ஓடும் ஒரு பில்லிங் மென்பொருள், ஒரே நிரல், ஒரே கோப்பு என்றால் தயக்கம் வேண்டாம்: எஸ்கியூலைட், செக் மற்றும் யுனீக் கட்டுப்பாடுகள், பில் போடும் ஃபங்ஷன் ஒன்று. தணிக்கைப் பதிவுக்கு மட்டும் ட்ரிகர் வைக்கலாம். ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் செயலி இருந்தால், விதியை இருமுறை எழுதாமல் பொது லைப்ரரியாகவோ உருவாக்கப்பட்ட நிரலாகவோ வைக்க வேண்டும். ட்ரிகரில் வைத்தால் இரண்டுக்கும் பொதுவாகிவிடுமே என்ற எண்ணம் ஈர்க்கும், ஆனால் சாதனந்தோறும் எஸ்கியூலைட்டின் பதிப்பு வேறுபடும் நிலையில் அதைச் சோதிக்கும் சுமை இரட்டிப்பாகும். முன்பே ஆயிரக்கணக்கான வரிகளில் ப்ரொசீஜர்கள் எழுதப்பட்டு, சர்வரிலும் கடையிலும் அதே விதிகள் ஓட வேண்டும் என்ற நிறுவனத்துக்கு ஃபயர்பேர்டே சரியான விடை. அங்கே எஸ்கியூலைட்டின் ட்ரிகர்களால் அந்த விதிகளைப் பின்ன முயல்வது வீண் உழைப்பு.

இடையில் ஒரு நிலை இருக்கிறது, நடைமுறையில் அதுதான் அடிக்கடி வருகிறது. முதன்மைச் செயலி ஒன்று. அதே கோப்பில் எடை இயந்திரத்தின் நிரலோ, கணக்காளரின் இறக்குமதிக் கருவியோ, வேறொருவர் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்டோ எழுத வேண்டும். இரண்டாவது நிரலை எழுதுபவருக்கு உங்கள் விதிகள் தெரியாது, தெரிந்தாலும் அவர் அவற்றைப் பின்பற்றுவார் என்ற உறுதி இல்லை. இந்த நிலைக்காகவே எல்லா விதிகளையும் ட்ரிகராக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக, அந்த நிரல் எழுதுவதற்கென்றே ஒரு வரவு அட்டவணையை ஒதுக்குங்கள். அது அங்கே மட்டும் பதிவுகளைச் சேர்க்கட்டும். முதன்மைச் செயலி அவற்றை எடுத்து, பில் போடும் அதே ஃபங்ஷன் வழியாகச் சரிபார்த்து, ஏற்றதையும் மறுத்ததையும் காரணத்தோடு அதே அட்டவணையில் குறித்து வைக்கட்டும். உண்மையான பில், இருப்பு அட்டவணைகளில் வெளி நிரல் தவறி எழுதிவிட்டால் தடுக்க, செக் கட்டுப்பாடுகளும் ரெய்ஸ் கொண்டு மறுக்கும் இரண்டு மூன்று ட்ரிகர்களும் போதும். வேண்டுமென்றே அவற்றை நீக்கிவிட்டு எழுதக்கூடிய நிரல் என்றால், அதனிடம் கோப்பையே தராமல், உங்கள் செயலி திறந்து வைக்கும் ஓர் ஏபிஐ வழியாக மட்டுமே பேச விட வேண்டும்.